ஒன்று குழந்தை, ஒன்று கட்டி

தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். வயிற்றில் ஜில்லென்று களிம்பைத் தடவிக் கருவியை உருட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா, எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை, என்ன பாடம் எடுக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்தினால் படுத்திருப்பவளுக்கு உயிர் போய் உயிர் வரும். எனக்குப் போய்விட்டது. வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஒண்ணு குழந்தை. இதயத் துடிப்பு நல்லா இருக்கு" என்றார். நான் மூச்சை விட்டேன். "இன்னொண்ணு ஃபைப்ராய்டு. கர்ப்பப்பைச் சுவர்ல நார்க்கட்டி. இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அடையாற்றில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள் நான். வருஷா வருஷம் கரும்பலகையில் கர்ப்பப்பை வரைந்து, பாகங்களைக் குறித்து, பின் பெஞ்சில் சிரிக்கிறவர்களை முறைத்திருக்கிறேன். என் கர்ப்பப்பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாதவிலக்கில் மூன்று பேருக்கு வேண்டிய ரத்தம் எனக்கு ஒருத்திக்கே போகும். அது என் உடம்பு வாகு என்று அம்மா சொல்வாள். அதை நம்பியிருந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து வந்த கர்ப்பம் அது. அதற்கு முன் ஒன்று வந்து, தங்காமல் போயிருந்தது. அதனால் ராயப்பேட்டையில் இருந்த எங்கள் பிரசவ டாக்டரிடம் ஸ்கேன் காகிதத்தை நீட்டியபோது நான் கேட்டது ஒரே கேள்விதான். இது தங்குமா?

அந்த டாக்டருக்குத் தேன் தடவிப் பேசத் தெரியாது. "நிறைய பேருக்கு இருக்கும்மா. இருக்குன்னே தெரியாம பெத்துட்டுப் போயிடுவாங்க. உங்களோடது கொஞ்சம் பெருசு. அதோட கீழ்ப்பக்கமா இருக்கு, குழந்தை இறங்கி வர்ற வழியில. அதான் கவனமா பாக்கணும்" என்றார். இப்போதே எடுத்துவிட முடியாதா என்று என் கணவர் கேட்டார். "இப்போ அதுமேல கை வெச்சா ரத்தம் நிக்காது. அது பாட்டுக்கு இருக்கட்டும். தங்கும்னு நினைச்சு வேலை செய்வோம்."

தங்கும் என்று அவர் சொல்லவில்லை. தங்கும் என்று நினைத்து வேலை செய்வோம் என்றுதான் சொன்னார். வீடு வரை ஆட்டோவில் நான் அந்த வித்தியாசத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அபிராமபுரத்தில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. நான், வங்கியில் வேலை பார்க்கும் கணவர், அவருடைய அம்மா. மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவர் ஒரே பிள்ளை. அந்தக் காலத்திலேயே ஒன்றோடு நிறுத்தியவள் என்று சொந்தத்தில் மாமியாருக்குப் பெரிய பெயர். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "ஒண்ணே போரும்னு நிறுத்திண்டோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

அவருக்குச் சில சொற்கள் ஆகாது. பாம்பு என்று சொல்ல மாட்டார், பூச்சி என்பார். விளக்கு அணையாது, மலையேறும். அரிசி தீர்ந்துபோனால் "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிண்டு வா" என்பார். கல்யாணமான புதிதில் நிறைந்திருக்கும் அரிசியை எதற்கு வாங்க வேண்டும் என்று விழித்திருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் போய் நான் கட்டி என்றேன்.

"அந்த வார்த்தையை இந்த ஆத்துல சொல்லப்படாது" என்றார்.

"டாக்டர் அப்படித்தாம்மா சொன்னா."

"டாக்டர் சொல்லட்டும். அவா ஆஸ்பத்திரி. நீ வயத்துல பிள்ளையை வெச்சுண்டு சொல்லாதே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது'.

டாக்டர்களுக்குப் பழக்கடை மேல் அப்படி என்ன மோகமோ தெரியவில்லை. முதல் ஸ்கேனில் அது எலுமிச்சையைவிடப் பெரிது என்றார்கள். அடுத்ததில் ஆரஞ்சு. கைப்பேசியில் நான் போட்டுவைத்திருந்த கர்ப்ப கால செயலியும் வாரா வாரம் ஒரு பழத்தின் பெயரைச் சொல்லி, உங்கள் குழந்தை இப்போது இந்த அளவு என்று வாழ்த்தும். குழந்தை எலுமிச்சையாக இருந்தபோது அது ஆரஞ்சாக இருந்தது. குழந்தை ஆரஞ்சானபோது அது சாத்துக்குடியைத் தாண்டிவிட்டிருந்தது. என் வயிற்றுக்குள் ஓர் ஓட்டப்பந்தயம் நடந்தது, என் பிள்ளை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பனகல் பூங்காப் பக்கம் பழக்கடைகளைத் தாண்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாலாம் மாதமே வயிறு ஆறு மாதம் போலத் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கீழ்வீட்டு மாமி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டி, நாலு மாசத்துக்கு வயிறு இப்படி முட்டிண்டு நிக்கறதே? ரெட்டையா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் குங்குமச் சிமிழோடு நின்ற மாமியார் தலையை ஆட்டிவிட்டார். லேசாகச் சிரித்துக்கொண்டே, மெதுவாக, நன்றாகத் தெரியும்படி. மாமி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, வாயெல்லாம் பல்லாகப் படி இறங்கிப் போனார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "எதுக்கும்மா பொய் சொன்னேள்?" என்று பாய்ந்தேன்.

"நான் எங்கேடி பொய் சொன்னேன்? தலையைத்தானே ஆட்டினேன்."

"பின்னே அதுக்கு என்ன அர்த்தம்?"

"அவகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்றியா? நாளைக்குக் காலம்பற மாடவீதி பூரா 'ஐயோ பாவம்'னு உன்னைப் பாக்கும். பரவாயில்லையா?"

அந்த 'ஐயோ பாவ'த்தை நினைத்ததும் என் வாய் அடைத்தது. முதல் கர்ப்பம் கலைந்தபோது அது எனக்கு நிறையக் கிடைத்திருந்தது. எனவே சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாளே வீட்டு வேலை செய்யும் அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். "இன்னாம்மா, ரெட்டப் புள்ளையாமே! என்கைல ஒரு வார்த்த சொல்லல பாத்தியா? கீழ்வூட்டம்மா சொல்லித்தான் தெரிஞ்சிது. நல்லா துன்னும்மா, இனிமே மூணு பேருக்கு சாப்புடணும்." கே.கே. நகரிலிருந்து அம்மா போன் செய்தாள். அவளுக்கு உண்மை தெரியும். ஆனால் அத்தை ஒருத்தி கூப்பிட்டு இரட்டையாமே என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். "சம்பந்தி ஒண்ணு சொல்லியிருக்கறப்போ நான் இல்லைன்னா அவாளுக்கு எப்படி இருக்கும்?" என்றாள். ஒரு தலையசைப்புக்காக இரண்டு குடும்பம் மரியாதை காத்தது. ஊரெல்லாம் என் கட்டிக்கு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தது.

ஐந்தாம் மாதம், வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது வலது அடிவயிற்றில் வலி பிடித்தது. முதலில் வாயு என்று நினைத்தேன். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. சக ஆசிரியை ஒருத்தி ஆட்டோவில் ஏற்றி ராயப்பேட்டைக்குக் கொண்டுபோனாள். அடையாறு பாலத்தில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் இரண்டு கையாலும் வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். போன முறையும் வலியில்தான் ஆரம்பித்தது. எனக்கு அது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

டாக்டர் முதலில் குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் பேசினார். "வலி குழந்தையோடது இல்லம்மா, கட்டியோடது. வேகமா வளந்துடுச்சு, அதுக்குப் போற ரத்தம் பத்தல. நடுவுல இருக்கற திசு செத்துப்போகுது. அதான் இந்த வலி, காய்ச்சல். சில நாள்ல அடங்கிடும்."

"அதனால குழந்தைக்கு?"

"வலி கர்ப்பப்பையை உசுப்பிவிட்டுடக் கூடாது. அதுக்குத்தான் உங்கள இங்கயே வெச்சுப் பாக்கப்போறோம்."

ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாட்களில் நான் செய்தது பயப்படுவது ஒன்றுதான். நர்ஸ் சின்னக் கருவியை வயிற்றில் வைத்துத் துடிப்பைத் தேடுவாள். அது அகப்படும்வரை என் துடிப்பு நின்றுவிடும். கிடைத்ததும் அவள் சிரித்துவிட்டுப் போவாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த முறை அகப்படாமல் போனால் என்ன செய்வது என்று ஆரம்பித்துவிடுவேன்.

மாமியார் பக்கத்திலேயே இருந்தார். ஸ்லோகம் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. நான் கழிவறைக்குப் போக எழும்போதெல்லாம் அவர் கண் என் முகத்துக்கு வராது. நான் படுத்திருந்த விரிப்புக்குப் போகும். விரிப்பைக் கையால் நீவி, போர்வையைத் தூக்கிப் பார்ப்பார். "ரத்தம் படறதா? சொல்லு, மறைக்காதே" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "படலைம்மா. படும் படும்னு நீங்களே வரவழைச்சுடுவேள் போலருக்கு." நான் அடுத்த முறை எழுந்தபோதும் அவர் விரிப்பைத்தான் பார்த்தார்.

வலி அடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். நல்லது என்று சொல்லக் கிடைத்தது ஒன்றுதான். பந்தயத்தில் என் பிள்ளை முந்திவிட்டது. அது தேங்காய் அளவில் நின்றுவிட்டது, குழந்தை அதைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது.

வளைகாப்பு வந்தது. எல்லாம் இரண்டு இரண்டாக வந்து இறங்கின. இரண்டு குல்லாய், இரண்டு கிலுகிலுப்பை, இரண்டு ஜோடிக் காலுறை. என் அத்தை மஞ்சளில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாகப் பின்னிக்கொண்டு வந்திருந்த ஸ்வெட்டரை மடியில் வைத்தாள். சென்னையில் எந்தக் குழந்தை ஸ்வெட்டர் போடுகிறது என்று சிரிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. முழங்கை வரை வளையல் ஏறிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருத்தி உரிமையோடு என் வலது அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். அங்கே இருந்தது அது. "கெட்டியா இருக்கே! இங்கே ஒருத்தன் ஒளிஞ்சுண்டிருக்கான். இவன்தான் பிள்ளை, பார்த்துண்டே இருங்கோ" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லி ஒருத்தி துடைத்துவிட்டாள். தாம்பாளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மாமியார் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலம் இரண்டாவது ஸ்வெட்டரைப் பீரோவில் எங்கோ அடியில் தள்ளினேன். அதைப் பார்க்கப் பார்க்க, இல்லாத ஒரு பிள்ளைக்கு நான் துரோகம் செய்வது மாதிரி இருந்தது. இருக்கிற பிள்ளைக்குத் திருஷ்டி ஆகிவிடுமோ என்றும் இருந்தது. உயிரியல் டீச்சருக்குத் திருஷ்டி என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தை குறுக்கே படுத்திருந்தது. தலை இறங்க வேண்டிய இடத்தில் கட்டி உட்கார்ந்திருந்ததால் அதற்கு வேறு வழியில்லை. நாங்கள் மூன்று பேரும் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம்.

"ஆபரேஷன்தான். அதுல எனக்குப் பயமில்ல" என்றார் டாக்டர். "குழந்தைய எடுத்ததும் கர்ப்பப்பை சுருங்கணும். சுருங்கினாத்தான் ரத்தம் நிக்கும். நடுவுல கட்டி இருந்தா சில பேருக்கு ஒழுங்கா சுருங்காது. மருந்து இருக்கு, தையல் இருக்கு, எல்லாம் பண்ணுவோம். எதுக்கும் நிக்கலன்னா உயிரக் காப்பாத்தறதுக்கு கர்ப்பப்பைய எடுக்க வேண்டி வரலாம். வரும்னு சொல்லல. வரலாம்னு சொல்றேன்."

அதுவரை குழந்தை மட்டும்தான் பணயத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது நானும் இருந்தேன், இனிமேல் வரக்கூடிய குழந்தைகளும் இருந்தார்கள். என் கணவர் கையை என் கைமேல் வைத்தார்.

மாமியார் திடீரென்று கேட்டார். "எடுக்கறதா இருந்தா அவகிட்ட சொல்லிட்டு எடுப்பேளா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "இப்பவே சொல்லிட்டுத்தாம்மா இருக்கேன். கையெழுத்தும் வாங்குவோம்."

"இல்லை, எடுத்தப்பறம்? எடுத்தாச்சுன்னு அவகிட்ட சொல்லுவேளா?"

"சொல்லாம எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

ரத்தம்தான் அடுத்த கவலை. என்னுடையது ஓ நெகட்டிவ். அந்தப் பிரிவு நினைத்தபோது கிடைக்காது, கொடுக்கிறவர்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கணவர் தெரிந்த வாட்ஸ்அப் குழுவிலெல்லாம் போட்டார். அலுவலகத்தில் ஒருவர், அவருடைய நண்பர் ஒருவர் என்று கிடைத்தது கொஞ்சம்தான். சொந்தக்காரர்கள் கைகூப்பும் படமும் தொட்டில் படமும் அனுப்பினார்கள். அதுவும் இரண்டு தொட்டில். "ரெட்டை சுகப்பிரசவமாகும், கவலைப்படாதே" என்று ஒரு சித்தப்பா. எங்கள் பொய்யே எங்கள் கழுத்தைப் பிடித்தது. கல்யாண வீட்டுக்கு யாராவது பயந்துகொண்டு ஓடி வருவார்களா?

எங்கள் வீட்டுக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மாமியாரின் சிநேகிதிகள் கூடி சகஸ்ரநாமம் படிப்பார்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டையிலிருந்து வரும் பதினைந்து இருபது மாமிகள். அந்த வாரமும் வந்தார்கள். நான் உள்ளறையில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். கதவு திறந்திருந்தது. படித்து முடித்து, கற்பூரம் காட்டி, சுண்டல் கிண்ணங்கள் வெளியே வரும் நேரம். மாமியார் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் உக்காருங்கோ. எங்காத்துல ரெட்டை இல்லை."

பாதி எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

"குழந்தை ஒண்ணுதான். இன்னொண்ணு கட்டி. கர்ப்பப்பையில கட்டி" என்றார். ஒவ்வொரு சொல்லாக, புதிதாகப் பேசக் கற்கிறவர் போலச் சொன்னார். "ஆபரேஷன்ல ரத்தம் நிறைய போகலாம்னு சொல்லியிருக்கா. அவளோடது ஓ நெகட்டிவ். உங்காத்துல பிள்ளைகள், மாட்டுப்பெண்கள், யாருக்காவது இருந்தா சொல்லுங்கோ. நான் காலில் விழுந்து கேக்கறேன்னு வெச்சுக்கோங்கோ."

"அன்னிக்கு நான் ரெட்டையான்னு கேட்டப்போ நீங்க தலையை ஆட்டினேளே?" என்றார் கீழ்வீட்டு மாமி. அவருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

"ஆட்டினேன். சொல்ல வாய் வரலை."

எல்லோரும் இப்போது 'ஐயோ பாவம்' சொல்லப்போகிறார்கள் என்று நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. ஆழ்வார்பேட்டை மாமி ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கும் இருந்தது" என்றார். "நாப்பத்தஞ்சு வயசுல எடுத்துட்டா. ஊருக்கு அப்பெண்டிக்ஸ்னு சொல்லியிருந்தேன்."

"ஏண்டி, அப்பெண்டிக்ஸுக்கு நான் ஹார்லிக்ஸ் வாங்கிண்டு வந்து பார்த்தேனே!" என்று இன்னொரு குரல். "சரி போ. எனக்கும்தான் இருந்தது."

ஒருத்தியின் பெண்ணுக்கு, ஒருத்தியின் நாத்தனாருக்கு, ஒருத்திக்கு அவளுக்கே. கட்டியோடு மூன்று பெற்றவள் இருந்தாள். இரண்டு முறை கலைந்த பெண்ணின் அம்மா இருந்தாள். ஆயிரம் நாமத்தைச் சேர்ந்து சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு பெயரைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருந்தது. கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் சுண்டலைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரத்தம் கிடைத்தது கீழ்வீட்டு மாமியிடமிருந்து. அடையாற்றில் இருந்த அவர் மாப்பிள்ளைக்கு ஓ நெகட்டிவ். ஆனால் மாமி கையைப் பிசைந்தார். "மாப்பிள்ளைகிட்ட போய் எப்படிடி ரத்தம் கேக்கறது? தலை தீபாவளிக்கு வேஷ்டியில கறை இருந்ததுன்னு சம்பந்தி இன்னிக்கும் சொல்லிக் காட்டறா." பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். போனைக் காதில் வைத்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "மாப்பிள்ளை சௌக்கியமா? ஒரு சிரமம் குடுக்கணும்" என்று அவர் ஆரம்பித்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை ஒரே வார்த்தையில் சரி என்றாராம். மாமிக்கு அதில்கூட ஒரு குறைதான். கேட்க வேண்டிய முறையில் கேட்பதற்குள் சொல்லிவிட்டாராம்.

குறித்த நாள் வரை நான் தாங்கவில்லை. ஒரு மத்தியானம், சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது இடுப்பில் வலி கிளம்பி முன்பக்கம் வந்து இறுக்கியது. இந்த முறை அது எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கணவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். அறுவை அறைக் கதவுக்கு முன்னால் மாமியார் வண்டியின் கம்பியைப் பிடித்து நிறுத்தினார். விபூதி இடப்போகிறார் என்று நெற்றியைக் காட்டினேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"முழிச்சதும் குழந்தையைக் கேப்பே. அதை யார் வேணா சொல்லுவா. ரெண்டாவதா ஒண்ணு கேக்கணும்னு இருக்குமோல்லியோ, அதை என்கிட்ட கேளு. எது நடந்திருந்தாலும் நான் உள்ளது உள்ளபடி சொல்லுவேன். சுத்தி வளைக்க மாட்டேன். தலையை ஆட்ட மாட்டேன்."

முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, ஆனால் விழித்திருந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தது. குறுக்கே கிடந்த குழந்தையை வெளியே எடுக்க நேரமாயிற்று. அழுகை கேட்டது. மெல்லிய, கோபமான அழுகை. ஒரு நர்ஸ் ஒரு கணம் காட்டிவிட்டுக் கொண்டுபோனாள். சின்னதாக, சிவப்பாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பெண். அவள் கோபம் என்னுடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் பேச்சு மாறியது. அதுவரை பேசிக்கொண்டு வேலை செய்தவர்கள் ஒற்றைச் சொற்களில் பேசினார்கள். உறிஞ்சும் கருவியின் சத்தம் நிற்கவே இல்லை. "சுருங்கல." "இன்னும் ஒரு டோஸ்." "பிளட் வந்தாச்சா?" டாக்டரின் குரல் என் பெயரைச் சொல்லி, "கொஞ்ச நேரம் தூங்க வெக்கறோம்மா" என்றது. நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். முகமூடி வந்து வாயை மூடியது.

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது. கையில் சிவப்பாக ஒரு குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. அடையாற்று மாப்பிள்ளையுடையதோ, வேறு யாருடையதோ. ஒரு பக்கம் மாமியார் நின்றுகொண்டிருந்தார். கால்மாட்டில் என் கணவர், சட்டை கசங்கி, கண் வீங்கி.

"குழந்தை?" என்றேன்.

"பெண் குழந்தை. நன்னா இருக்கா. எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கா. தானே மூச்சு விடறா. சாயங்காலம் காட்டறேன்னிருக்கா" என்றார் மாமியார்.

இரண்டாவது கேள்வியைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கர்ப்பப்பை இருக்கு. எடுக்கலை. ரத்தம் ரொம்பப் போச்சு. எடுத்துடலாமான்னு யோசிக்கற வரைக்கும் போயிட்டா. கடைசியா ஒரு தையல் போட்டுப் பார்த்திருக்கா, நின்னுடுத்து. கட்டியைத் தொடலை, அதுவும் அங்கேதான் இருக்கு. போகப் போகச் சுருங்கலாம்கறா. நான் டாக்டரைத் திரும்பச் சொல்லச் சொல்லி ரெண்டு தரம் கேட்டுண்டேன். இவ்வளவுதான். இதுக்கு மேலே ஒண்ணும் மறைக்கலை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கணவர் தாழ்ந்த குரலில், "ஏம்மா இதையெல்லாம் இப்பவே சொல்றே? இப்பத்தான் கண்ணைத் திறந்திருக்கா. கொஞ்சம் தூங்கட்டுமே" என்றார்.

"இல்லைடா. தெரிஞ்சுண்டு தூங்கட்டும்" என்றார் மாமியார். அவர் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு இப்படிப் பக்கத்துல நின்னுண்டு யாரும் சொல்லலை. நீ பொறந்தப்போ ரத்தம் நிக்காம கர்ப்பப்பையை எடுத்துட்டா. எனக்கும் இதே கட்டிதான். உங்கப்பாகிட்ட சொன்னா, உன் அத்தைகள்கிட்ட சொன்னா. என்கிட்ட மட்டும் யாரும் சொல்லலை. மனசு ஒடிஞ்சு போயிடுவேன்னு விட்டுட்டாளாம். மாசாமாசம் வர வேண்டியது வரலை. பால் குடுக்கறே, அப்படித்தான் இருக்கும்னா. நீ நடக்க ஆரம்பிச்சே. உனக்கு ஒரு தங்கை வேணும்னு நான் கோயில் அரசமரத்தைச் சுத்த ஆரம்பிச்சேன். ஒரு வருஷம் சுத்தினேன், வேற ஒரு டாக்டர் சொல்லித் தெரிஞ்சுக்கற வரைக்கும். ஆத்துல அத்தனை பேருக்கும் தெரியும். அவ பாட்டுக்குச் சுத்தட்டும்னு பார்த்துண்டு இருந்தா."

என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தம்பி வேண்டும் என்று சின்ன வயதில் அவர் அழுததும், ஒண்ணே போரும் என்று அம்மா சிரித்ததும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அம்மா" என்றார்.

மாமியார் அழவில்லை. நான்தான் விம்மி விம்மி அழுதேன். அவர் குனிந்து, என் மேல் கிடந்த போர்வையை லேசாகத் தூக்கி விரிப்பைப் பார்த்தார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. வெள்ளையாகத்தான் இருந்தது. திரும்பவும் என்னைப் போர்த்திவிட்டு, "அழாதேடி, தையல் இழுக்கும்" என்றார்.